வெளுத்த திராட்சரசம்

அன்றைக்குக் கோயிலின் பின்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஐயர் ஒருவர், போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வது. சபைக் கமிட்டியார் மூன்று பேர்: கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்தவரும் எனக்குச் சம்பளம் கொடுத்தவருமான முதலாளி, மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், இருநூறு பனைக்குச் சொந்தக்காரரான, காது மந்தமான ஒரு பெரியவர். ஐந்தாவது கோயில் குட்டியார். மணி அடித்து, விளக்கேற்றி, கோயிலைப் பெருக்கி, பெட்டகத்தின் சாவியை இடுப்பில் முடிந்து வைத்திருந்தவர். ஆறாவது நான். வெளியே ஜன்னலுக்குக் கீழே குட்டியாரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளையும் சேர்த்தால் ஏழு. சேர்க்கத்தான் வேண்டும், ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள் அவள்.

மேசைமேல் அரக்கு உடைக்காத ஒரு போத்தலும் ஒரு கண்ணாடித் தம்ளரும் இருந்தன. குட்டியார் சபையின் திராட்சரசத்தைத் திருடிக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தாரா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கூடியிருந்தோம்.

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். என்னைப் போய் இப்படி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டுச் செம்மணல் ஓரத்தில் இருக்கிறது. பனையைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. இந்த நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷத்தில், எங்கள் பக்கத்து மிஷன் துரை வயதாகித் தம் தேசத்துக்குத் திரும்பினார். போகும்போது தம்மிடம் இருந்த நாலு டஜன் போத்தல் சிவப்புத் திராட்சரசத்தை எங்கள் சபைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு போத்தலின் தக்கைமேலும் சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றி, தம் மோதிரத்தை அழுத்தியிருந்தார். மோதிரத்தில் சிறகு விரித்த ஒரு சின்னப் பறவை. பெரிய பண்டிகைகளின் இராப்போஜனத்துக்கு மட்டும் எடுங்கள், சாதாரண நாளில் தொட வேண்டாம் என்று சொன்னாராம்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு, ஈஸ்டருக்கு இரண்டு, அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு. வருஷத்துக்கு ஆறு. எட்டு வருஷத்துக்கு வரும். ஆனால் நடுவில் ஏதாவது புளித்துக் காடியாகிவிட்டால்? பாத்திரத்தில் ஊற்றி ஜனங்களுக்குக் கொடுத்த பிறகா அது தெரிய வேண்டும்? முன்னாலேயே ஒருவன் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கமிட்டி முடிவு பண்ணியது. யார் அந்த ஒருவன் என்பதில்தான் தகராறு.

கள்ளைத் தொட்டவனுக்கு எங்கள் சபையில் இராப்போஜனம் கிடையாது. ஆறு மாதம் புறம்பே நிறுத்தி வைப்பார்கள். ஆகவே அந்த மாதிரிச் சரக்கு எனக்குத் தெரியும் என்று எவன் வாய் திறப்பான்?

"வாத்தியாரே, நீரு மோந்து பாத்துச் சொல்லும்," என்று முதலாளி சொன்னாராம்.

"நல்லாருக்கே! நான் பதனியவே, கள்ளாயிறக் கூடாதுன்னு, சுண்ணாம்பு சரியா விழுந்திருக்கான்னு கேட்டுத்தான் குடிப்பேன். ஒமக்குத்தான் நாலு ஊரு பழக்கம்."

"என்ன பழக்கம்? என்னவே பேசுதீரு?"

பெரியவர், தாம் அந்த ருசியெல்லாம் மறந்து நாற்பது வருஷம் ஆயிற்று என்றாராம். கதவோரம் நின்ற குட்டியார், "அப்ப மறக்கதுக்கு ஒண்ணு இருந்திருக்கு," என்றாராம். காது மந்தமாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

இதையெல்லாம் குட்டியார்தான் எனக்குச் சொன்னார். அவர் சொன்னால் செத்தவனும் சிரிப்பான்.

கடைசியில் என் பேர் அடிபட்டது. காரணம், நான் தூத்துக்குடியில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் இன்ஸ்பெக்டர் துரை என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். வாய் திறக்கவில்லை. எழுத்தெல்லாம் தெரிந்ததுதான், தொண்டை அடைத்துக்கொண்டது. மறுநாளிலிருந்து போகவில்லை. பதின்மூன்று வயதில் தூத்துக்குடியில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கடையில் சேர்த்துவிட்டார்கள். கப்பலில் வந்திறங்கும் ஒயின் போத்தல்களைத் துடைத்து அடுக்குவது என் வேலை. சுமைக்காரர்கள் கத்தியைச் சூடு பண்ணி அரக்கைத் தூக்கி, பாதியைக் குடித்துவிட்டு, தண்ணீரை ஊற்றி, அரக்கைத் திரும்ப ஒட்டிவிடுவார்கள். நான் குடிக்காதவன், பயந்தவன் என்பதால், எந்தப் போத்தலில் அரக்கு தூக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். தூக்கின அரக்கில் முத்திரையின் ஓரம் மழுங்கியிருக்கும், எவ்வளவு கெட்டிக்காரன் செய்தாலும். சந்தேகம் வந்தால் திறந்து, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட வேண்டும். கறை நாவல்பழம் மாதிரி விழுந்தால் சரக்கு சுத்தம். வெளிறி விழுந்தால் தண்ணீர்.

இந்த இரண்டும்தான் எனக்குத் தெரிந்த வித்தை. அந்தக் கடையில் எந்தப் போத்தலும் மூன்று மாதத்துக்குமேல் தங்கியது கிடையாது. எல்லாம் புதுச் சரக்கு. பழைய சிவப்பு ஒயின் என்று ஒன்றை நான் கண்ணால் கண்டதே இல்லை. இது எனக்கு அப்போது ஒரு குறையாகத் தோன்றவில்லை. அவர்களுக்கும் தோன்றவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் ருசி பார்ப்பது வழக்கம் ஆயிற்று. குட்டியார் பெட்டகத்தைத் திறந்து இரண்டு போத்தல் எடுத்து வைப்பார். பெட்டகம் இருந்த அந்தப் பின்னறை மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்குமேல் சுவரில் கை வைக்க முடியாது. நான் அரக்கை உடைத்து, தக்கையை இழுத்து, தம்ளரில் அரை விரல்கடை ஊற்றி மோந்து பார்ப்பேன். பிறகு வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவேன். விழுங்க மாட்டேன். விழுங்கினால் அது குடித்ததாகுமா, ருசி பார்த்ததாகுமா என்று ஐயரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மணல் போட்ட சட்டியில் துப்பிவிடுவேன். பிறகு துணியில் ஒரு சொட்டு.

"நாக்கு ஜட்ஜே, தீர்ப்பு என்ன?" என்பார் குட்டியார். "தூக்கா, விடுதலையா?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"அதச் சொல்லதுக்கு மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கேரு? பல்லு புடுங்கின மாதிரி."

முதல் வருஷம் அது நாக்கைப் பிடித்துக்கொண்டது. புளியங்கொட்டைத் தோலைக் கடித்தால் வாய் முழுவதும் இழுக்குமே, அப்படி. கறை நாவல்பழக் கறையேதான். மூன்றாம் வருஷம் அந்தத் துவர்ப்பு தணிந்து, பழவாடை முன்னால் வந்தது. ஐந்தாம் வருஷ ஈஸ்டரில் துவர்ப்பைத் தேட வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக வேறு என்னென்னவோ வந்தது. பரணில் கிடந்த பழங்கருப்பட்டியின் வாசனை. வெயிலில் காய்ந்த நாரத்தைத் தோல். பாடப்புத்தகத்தை விரித்தால் வரும் ஒரு மணம். வாயில் வைத்தால் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அந்தத் தடவை துப்ப மனம் வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

ஒவ்வொரு துணியையும் பண்டிகை பெயர் எழுதி ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். ஆறாம் வருஷம் எல்லாவற்றையும் பாயில் வரிசையாக விரித்துப் பார்த்தேன். முதல் துணியில் நாவல்பழம். நடுவில் மாதுளை. கடைசியில் செங்கல் நிறம், ஓரத்தில் மஞ்சள். எனக்குத் தெரிந்த கணக்குப்படி இதற்கு ஒரே அர்த்தம்தான். போத்தல்களின் கழுத்தைப் பார்த்தேன். முதலில் தக்கையைத் தொட்டுக்கொண்டிருந்த மட்டம் இப்போது இரண்டு விரல் இறங்கியிருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்திருந்தால்கூட ஒருவேளை நன்றாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த கிறிஸ்துமஸில் ஜனங்களே பார்த்துவிட்டார்கள். பாத்திரத்தில் இருந்தது பதிமுகப் பட்டை ஊறின தண்ணீர் மாதிரி வெளிறிக் கிடந்தது என்று ஒருத்தி வெளியே வந்து சொன்னாள். பேச்சு பரவியது. நான் கருப்பட்டிச் சிப்பம் கட்டிக்கொண்டிருந்த சரக்குக் கிட்டங்கிக்கு முதலாளி வந்து நின்றார்.

"ஏலே, சாவி அவன்ட்ட. நாக்கு ஒன்ட்ட. ரெண்டு பேர்ல ஒருத்தன்தான். எவன்னு நீயே சொல்லிரு."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கட்டி முடித்த சிப்பத்தையே திரும்ப அவிழ்த்துக் கட்டினேன். அன்றிலிருந்து விசாரணை நாள்வரை பத்து நாள், நான் விழுங்கின அந்த ஒரு வாய்தான் என் கண்முன் நின்றது. அது யாருக்காவது தெரிந்திருக்குமோ? குட்டியார் பார்த்திருப்பாரோ? பார்த்திருந்தால் சொல்லுவாரோ?

அந்த நாளுக்கு வருகிறேன். மீதி இருந்தது எட்டுப் போத்தல். அதில் ஒன்றைத்தான் குட்டியார் எல்லார் முன்னாலும் எடுத்து மேசைமேல் வைத்தார். மட்டம் இறங்கியிருந்தது. ஐயர் என்னைப் பார்த்து, "பயப்படாதே. உனக்குத் தெரிந்ததைச் சொல்," என்றார்.

நான் போத்தலைக் கையில் எடுத்தேன். அரக்கைப் பார்த்தேன். இது என் வேலை. மூன்று வருஷம் இதற்காகச் சம்பளம் வாங்கியவன். மோதிரத்தின் பறவை அப்படியே இருந்தது. சிறகில் ஒவ்வொரு கோடும் நகத்தால் கீறினது மாதிரி நின்றது. அந்த அரக்கை யாரும் தொடவில்லை. எனக்கு அது அந்த நிமிஷமே தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் அரக்கை உடைத்தேன். தூள் தூளாக உடைத்தேன்.

ஊற்றினேன். செங்கல் நிறத்தில் விழுந்தது. கடைசியில் அடியிலிருந்து சிவப்பாய் ஒரு வண்டல் இறங்கியது. வாத்தியார் அதை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"காவி! தண்ணிய ஊத்திட்டு நெறத்துக்குக் காவி கரைச்சிருக்கான்."

"பதனியில சுண்ணாம்பு நிக்கித மாதிரிலா நிக்கி," என்றார் பெரியவர்.

குட்டியாருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "காவியா? இத்தன நாளு காவி குடிச்சிருந்தா சபையில ஒருத்தருக்காவது நாக்கு செவந்திருக்குமே. வாத்தியாரே, எங்கன, நாக்க நீட்டும் பாப்போம்."

"ஏய், வெளையாட்டா இது?" என்று முதலாளி மேசையைத் தட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார். "நீ சொல்லுலே. தண்ணியா, இல்லியா?"

"நெறம் கொறஞ்சிருக்கு."

"அது எங்க எல்லார் கண்ணுக்கும் தெரியுது. தண்ணியா?"

"தண்ணி மாதிரித்தான்…"

"மாதிரியாம்லா! மாதிரிக்கா நாங்க சோலியப் போட்டுட்டு இங்கன வந்து உக்காந்திருக்கோம்?"

"தண்ணிதான்," என்றேன்.

அப்போதுதான் குட்டியாரின் சிரிப்பு நின்றது. அவர் ஐயரைப் பார்த்துப் பேசினார். "ஐயா, பெட்டகத்துல இன்னும் ஏழு இருக்கு. எல்லாத்துலயும் அரக்கு அப்படியே இருக்கு. நான் எந்த வழியா தண்ணி ஊத்தினேன்? கண்ணாடி வழியாவா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இது ஒரு கேள்வி என்று, பதில் இல்லாவிட்டால் குட்டியார் தப்பிவிடுவார் என்று, தப்பினால் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான் என்று எனக்குத் தோன்றியது. எல்லாம் ஒரே மூச்சில் தோன்றியது.

"கத்தியக் காச்சி அரக்கத் தூக்கலாம். தூத்துக்குடில செய்வாங்க," என்றேன்.

குட்டியார் என் பக்கம் திரும்பினார். அதட்டவில்லை. பையக் கேட்டார். "தம்பி, இதுல அப்படிச் செஞ்சிருக்கா?"

"செய்யலாம்," என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஏ ஐயா! அவன் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க! குனிஞ்சுக்கிட்டே சொல்லுதான், பாருங்க!" வாத்தியார் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

குட்டியாருக்கு வேலை போயிற்று. ஆறு மாதம் இராப்போஜனத்துக்குப் புறம்பே நிறுத்தினார்கள். மீதி எட்டுப் போத்தலும், கிறிஸ்துமஸிலும் அதற்கு முந்தின பண்டிகையிலும் எடுத்த நாலும், ஆகப் பன்னிரண்டு போத்தலுக்கு விலை கட்ட வேண்டும் என்றார்கள். தூத்துக்குடியில் என்ன விலை என்று என்னிடமே கேட்டார்கள். மூன்று ரூபாய் என்றேன். முப்பத்தாறு ரூபாய். அவருக்கு மாதச் சம்பளம் மூன்று ரூபாய்.

அவர் மனைவி காதில் கிடந்த பாம்படத்தை விற்றார்கள் என்று கேள்விப்பட்டேன். பணம் கட்டின மறுவாரம் இரண்டு பேரும் ராதாபுரத்துப் பக்கம், அவளுடைய பிறந்த ஊருக்குப் போய்விட்டார்கள். வண்டி எங்கள் கிட்டங்கி வழியாகத்தான் போயிற்று. நான் உள்ளே போய்ச் சிப்பங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு உலர்ந்த திராட்சையைக் காய்ச்சி வடிகட்டிப் பண்டிகை நடத்தினார்கள். மீதி ஏழு போத்தலும் பரிசுத்தக் காரியத்துக்கு ஆகாது என்று பெட்டகத்திலேயே பூட்டிக் கிடந்தன. நாலு வருஷம் ஓடியது. ஐரோப்பாவில் சண்டை தொடங்கிய வருஷம் எங்களுக்குப் புது ஐயர் வந்தார். அவர் பெட்டகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, கெட்டுப்போனதோ கலப்படமோ, பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் துரை இருக்கிறார், நோயாளிகளுக்கு உதவுமா என்று கேட்டுப் பார்ப்போம் என்றார். கப்பல் வராமல் எல்லாச் சாமானுக்கும் தட்டுப்பாடாக இருந்த நேரம். இரண்டு போத்தலைக் கொடுத்து என்னையே அனுப்பினார். எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. மாட்டு வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் துரை பங்களாவின் குசினியில் பட்லர் ஒருவர் இருந்தார். போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்ததுமே சத்தம் போட்டார்.

"யாருவே இதக் கொண்டாந்தது? குலுக்கு குலுக்குன்னு குலுக்கிக் கொண்டாந்திருக்கேரு! இருமல் மருந்துன்னு நெனச்சீரா?"

ஒரு நாள் முழுவதும் போத்தலை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் திறப்பேன் என்றார். நான் வண்டிக் கொட்டகையில் காத்துக் கிடந்தேன். மறுநாள் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் போத்தலைச் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு பைய ஊற்றினார். செங்கல் நிறம். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"இது என்ன, காவியா?" என்று கேட்டேன்.

"காவியா? எந்த ஊருவே நீரு? கசடு. சரக்கு வயசாக வயசாக நெறமெல்லாம் அடியில எறங்கிப் படியும்."

"அப்ப, இப்படி வெளுக்குமா?"

"பின்னே? ஒம்ம தலைமுடி அங்கங்க வெளுத்திருக்கே, எவனாவது தண்ணி ஊத்தினானா?"

"மட்டம் கொறஞ்சிருக்கே?"

"தக்கை மூச்சு விடும்லா. நல்ல கிடங்குல இருந்தா இன்னும் பத்து வருஷம் நிக்கும். ஒங்க ஊரு வெக்கையில வெந்து சீக்கிரமே கெழடாயிட்டு." ஒரு கரண்டியில் கொஞ்சம் ஊற்றி என்னிடம் நீட்டினார். "பாரும். சாவதுக்கு முன்னால இப்படி ஒண்ணு நாக்குல படணும்."

வாயில் வைத்தேன். பழங்கருப்பட்டி, நாரத்தைத் தோல், பாடப்புத்தகம். நான் ஆறு பேருக்கு முன்னால் தண்ணீர் என்று சொன்ன அதே ருசி. உள்ளேயிருந்து டாக்டர் துரை வந்து, ஒரு மடக்குக் குடித்துவிட்டு, இன்னொரு மடக்கும் கேட்டு வாங்கினார். பிறகு அடுத்த போத்தலைத் திறக்க வேண்டாம், தனியாக எடுத்து வை என்றார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பட்லர், "என்னவே, ஒரு கரண்டிக்கேவா?" என்று சிரித்தார்.

அங்கிருந்து நேரே ராதாபுரம் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாலு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்றேன். வழியில் காய்ச்சல் வருமே, முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவாரே, குட்டியார் கை ஓங்கிவிடுவாரே என்று ஒவ்வொன்றாகப் பயந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. போனபோது அவர் கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கூலிக்கு வண்டி ஓட்டினார். இளைத்திருந்தார்.

நிறம் தானாக வெளுக்கும் என்பதைச் சொன்னேன். காவி அல்ல, கசடு என்பதைச் சொன்னேன். அவர் மாட்டைத் தடவிக்கொண்டே கேட்டார். எனக்குத் தெரியாது, அண்ணாச்சி, தெரியாமல் சொன்னேன் என்றேன்.

"சரி. அது தெரியாது," என்றார். "அரக்கு?"

நான் வாளியை எடுத்து மாட்டின் பக்கம் நகர்த்தினேன்.

"அரக்கு தெரியும்லா? நீரு அதப் பாத்ததை நான் பாத்தேன். பாத்துட்டு ஒடச்சேரு."

"தெரியும்," என்றேன். "முத்திரை மழுங்கல. யாரும் தொடலன்னு தெரியும். பயத்துல சொன்னேன்."

"எம் மேலயா பயம்?"

"என் மேல திரும்பிருமோன்னு."

அவர் மாட்டைக் கொண்டுபோய்த் தறியில் கட்டினார். பிறகு, "அதச் சபையில எந்திரிச்சுச் சொல்லும். வேற ஒண்ணும் வேண்டாம்," என்றார்.

அவர் மனைவி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். காதின் நீண்ட துளைகள் வெறுமையாகத் தொங்கின. "வேற ஒண்ணும் வேண்டாமா? நல்ல ஆளு! முப்பத்தாறு ரூவா யாரு கையில இருக்கு?" என்றாள்.

"மதினி, கமிட்டியில கேக்கேன்," என்றேன்.

கேட்டேன். அந்தப் பணத்தில் கோயிலுக்கு வெள்ளையடித்தாயிற்று, செலவான பணத்தைச் சபை எங்கிருந்து கொடுக்கும் என்றார்கள். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, "முடிஞ்சு போன காரியத்தத் தோண்டாதலே. எங்க மூஞ்சியிலயும்லா கரி பூசுதே," என்றார். புது ஐயர் மட்டும், ஆராதனை முடிந்ததும் எழுந்து சொல், நான் நேரம் தருகிறேன் என்றார்.

மூன்று ஞாயிறு எழுந்திருக்க முடியவில்லை. நாலாம் ஞாயிறு ஐயரே என் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டார். எழுந்தேன். பழைய திராட்சரசம் தானாகவே வெளுக்கும், குட்டியார் தண்ணீர் கலக்கவில்லை, அவர் மேல் குற்றமே இல்லை என்று சொன்னேன். இதுவரை தொண்டை விட்டுக்கொடுத்தது. பிறகு அரக்குக்கு வந்தேன். "அரக்கப் பத்தியும் நான் தப்பாச் சொல்லிட்டேன்," என்றேன். அதற்குமேல் வரவில்லை. தெரிந்தே சொன்னேன் என்கிற அந்த ஒரு சொல் வரவில்லை. இன்ஸ்பெக்டர் துரை முன்னால் நின்றதைப் போலவே நின்றேன்.

ஜனங்கள் அதைத் தவறு என்றே எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் பெரியவர் என் தோளைத் தட்டி, "தெரியாமச் செஞ்சதுக்கு இப்படி அழலாமா? நாலு பேருக்கு முன்னால ஒத்துக்கிட்டியே, அது பெருசு," என்றார். வாத்தியார்கூட என் கையைப் பிடித்தார். அன்று முதல் ஊரில் எனக்கு நல்ல பெயர். நான் அதை மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்றார்கள்.

குட்டியாருக்குச் சபை ஒரு கடிதம் எழுதியது. அவர் திரும்பி வரவில்லை. நான் என்ன சொன்னேன், எதில் நிறுத்தினேன் என்பது அவர் காதுக்கும் போயிருந்தது. அடுத்த தடவை நான் போனபோது அவர் வண்டிக்கு மசகு போட்டுக்கொண்டே, "பாதி தூரம் வந்துட்டேரு," என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்னை நாக்கு ஜட்ஜே என்று அவர் அதற்குப் பிறகு ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை.

பணத்தை நான் கட்டுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். மனைவி கையை நீட்டினாள். "நான் வாங்குதேன். இது இவரு குடுக்குத தருமமா? எங்க காசு," என்று, நான் கொண்டுபோன இரண்டு ரூபாயையும் எண்ணி, ஒன்றைக் கல்லில் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் முடிந்துகொண்டாள். அவள் தட்டிப் பார்த்தது சரி என்றே எனக்குப் பட்டது.

சண்டைக் காலத்தில் அரிசி விலையும் மண்ணெண்ணெய் விலையும் ஏறி, சிப்பம் கட்டுகிறவன் கையில் காசு நிற்கவில்லை. எட்டணா, ஒரு ரூபாய் என்று சாத்தான்குளம் சந்தைக்கு வரும் வண்டிக்காரர்களிடம் கொடுத்து அனுப்பினேன். வண்டிக்காரர்கள் என்ன பணம் என்று கேட்டால், வாங்கின கடன் என்றேன். இது நான் பத்திரிகைக்கென்று அச்சுக்கு எழுதும் முதல் காரியம். வாயால் சொல்ல வராததை எழுதினால் வருகிறதா என்று பார்த்தேன். வந்துவிட்டது. எங்கள் சபையில் பத்திரிகை வாசிக்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். இதை அவர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். முத்திரை மழுங்கவில்லை, எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன்.

இதுவரை அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது இருபத்திரண்டு ரூபாய் எட்டணா. இன்னும் கொடுக்க வேண்டியது பதின்மூன்று ரூபாய் எட்டணா.